பாஸ்காத் தண்ணீர்

அக்காவின் மகன் பிறந்தபோது அவன் எடை தொள்ளாயிரத்துப் பத்து கிராம். பதின்மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டான். இன்குபேட்டரின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில், பெயருக்கான இடத்தில் 'லொரைனின் மகன்' என்று எழுதியிருந்தார்கள். அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக்குள் தாய் தகப்பனைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அம்மாவுக்குத் தேக்கா சந்தை மாடியில் தையல் கடை. பகலில் மூட முடியாது. அத்தான் ரமணன் பஸ் ஓட்டுகிறார். ஷிப்ட் மாறி மாறி வரும். நான் உயர்நிலை மூன்றோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டவள், எனக்கு எந்த ஷிப்டும் இல்லை. அதனால் மூன்றாவது ஆளாக 'ஜெனிவீவ், சித்தி' என்று என் பெயரைப் பதிந்தார்கள்.

என் வேலை பால் கொண்டுபோவது. அறுவைச் சிகிச்சை முடிந்து அக்கா எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைக் கறந்து, மருத்துவமனை கொடுத்த சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றித் தேதி எழுதி வைப்பாள். நான் அவற்றை ஐஸ் பையில் அடுக்கிக்கொண்டு ரயிலேறுவேன். நியூட்டனில் மாறி அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்தால் மருத்துவமனை. மத்தியானத்தில் அக்கா வந்து சேரும்வரை நான் அவன் பக்கத்தில் இருப்பேன்.

உள்ளே போகுமுன் முழங்கைவரை கழுவ வேண்டும். கடிகாரம், மோதிரம், கயிறு எதுவும் கையில் இருக்கக் கூடாது. முதல் நாள் அத்தானின் மணிக்கட்டில் சைனாடவுன் மாரியம்மன் கோயில் கயிறு இருந்தது. அக்காவுக்கு வலி எடுத்த அன்று அவர் அம்மா கட்டிவிட்டது. தாதி அதைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அத்தான் அதைப் பல்லால் கடித்து அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போனார். அதை நான் பின்னால் நின்று பார்த்தேன். பார்த்தும் புத்தி வரவில்லை.

இரண்டாம் நாள் பதுருன்னிசா வந்தார். ஆராய்ச்சித் தாதி. தலையில் வெளிர்நீலத் துடோங் முக்காடு, கையில் ஒரு தடித்த கோப்பு. எங்களைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற நோய் எதிர்ப்புப் புரதம் கடைசி மாதங்களில்தான் நிறையப் போகுமாம். இவனுக்கு அந்த மாதங்களே கிடைக்கவில்லை. நம் தோலில் சும்மா கிடக்கிற கிருமிகூட இவ்வளவு சின்ன உடம்பில் ஒரு குழாய் வழியாக ரத்தத்துக்குள் போய்விட்டால் ஆபத்து. அந்தக் கிருமிகளைப் பிடிக்கிற புரதத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து, நோய் வருமுன்னே ஏற்றிப் பார்க்கிறார்கள். வராமல் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர்.

"எந்தப் பிள்ளைக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருந்து கலக்குற ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் எங்ககூட சாப்பிடக்கூட உக்கார மாட்டார் லா" என்றார்.

எங்களுக்கு எப்போது தெரியும் என்று அத்தான் கேட்டார். ஆய்வு முழுக்க முடிய வேண்டும், அதற்குள் இவன் பாலர் பள்ளிக்கே போய்விடுவான் என்று பதுருன்னிசா சொன்னார். அத்தானுக்கு முதலில் மனமில்லை. பிள்ளையை வைத்து விளையாடுகிறார்களோ என்று காரிடாரில் முணுமுணுத்தார். அக்காதான் எல்லாப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாள். வேண்டாம் என்று தோன்றினால் எந்த நாளும் விலகலாம் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் ஊசிக்குழலைப் பழுப்பு உறையால் மூடிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். உள்ளே இருப்பதன் நிறம் யாருக்கும் தெரியக் கூடாதாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சு. அம்மா என்னிடம் தினமும் விசாரிப்பாள். தோல் நிறம் மாறியிருக்கிறதா, மூத்திரம் மஞ்சளாகப் போகிறதா, கண் திறந்தானா. எல்லாவற்றிலிருந்தும் ஒரு முடிவுக்கு வருவாள். மறுநாள் அதை மாற்றிக்கொள்வாள். எட்டாம் நாள் தைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"எனக்கென்னமோ வெறும் தண்ணியத்தான் ஏத்திருப்பாங்கன்னு தோணுது. அதுக்கு நம்ம மந்திரிச்ச தண்ணியில ரெண்டு சொட்டு நெத்தியில வச்சிருந்தா, ஆத்துமாவாச்சும் தப்பிச்சிருக்கும்."

அப்புறம் அவளே வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினாள். அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவும் அத்தானும் பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்கள். பூசையும் இல்லை, தாலி கட்டவும் இல்லை. பிள்ளை பிறந்தால் கோயிலும் வேண்டாம், தேவாலயமும் வேண்டாம், வளர்ந்து அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லி, இரண்டு அம்மாக்களும் அழுது, பிறகுதான் சம்மதம் வந்தது. அத்தானின் அம்மா சம்மதிக்க எட்டு மாதம் ஆனது.

ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய்விட்டது. ரயிலில் உட்கார முடியவில்லை. மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சாகும் ஆபத்து என்றால் பாதர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீரும் அந்த வார்த்தைகளும் போதும். நான் வகுப்பில் வாயே திறந்ததில்லை. ஆனாலும் எல்லாம் மனப்பாடம்.

எங்கள் வீட்டுப் பீடத்தில் மாதா சுருபத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். ஈஸ்டருக்கு முந்திய இரவு பாஸ்கா பூசை முடிந்து எல்லோரும் மந்திரித்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வருவோம். அது வருஷம் முழுக்க இருக்கும். காய்ச்சல், பரீட்சை, புது வீடு, எதற்கும் அம்மா அதில் விரலை நனைத்துச் சிலுவை போடுவாள். இப்போது நவம்பர். பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. ஒன்பதாம் நாள் காலையில், பாலுக்கான காலி பாட்டில் ஒன்றில் அதைக் கொஞ்சம் ஊற்றி மூடி, பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வழக்கம்போல் முழங்கைவரை கழுவினேன். ஒரு நிமிஷம் முழுக்கக் கழுவினேன். கழுவிய கையைப் பைக்குள் விட்டு அந்த பாட்டிலை எடுத்தேன்.

அன்று அவனுடைய இதயத் துடிப்பு இரண்டு தடவை இறங்கி மணி அடித்திருந்தது. தாதி வந்து காலைத் தட்டினதும் ஏறிவிட்டது. இது சகஜம் என்றார். எனக்குச் சகஜமாக இல்லை. பக்கத்து இன்குபேட்டரில் மணி அடித்ததும் அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் வட்டக் கதவைத் திறந்து கையை விட்டேன். மூடி நிறையத் தண்ணீர். "ஜோனத்தன்" என்று ஆரம்பித்து, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று முடிக்கும்வரை மூன்று துளி. முதல் இரண்டும் நெற்றியில் நின்றன. மூன்றாவது, காதோரமாக ஓடி, கன்னத்தை ஒட்டிக் கிடந்த அவன் கைக்குப் போயிற்று. மருந்து ஏறுகிற குழாயைப் பிடித்து ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தில் ஊறியது. காகிதத்தால் ஒற்றி எடுத்தேன். கதவை மூடினேன். அவன் முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான்.

அன்று வீடு திரும்பும்போது மனம் லேசாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் லேசாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது இன்குபேட்டரைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். மூச்சை விட்டு விட்டு இழுக்கிறான், நிறம் சாம்பலாகிவிட்டது, ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தாதி சொன்னார். கிருமி உள்ளே போயிருக்கலாம். எந்தக் கிருமி என்று தெரிய நாளைவரை ஆகும். அதற்குள் வழக்கமாக வருகிற தோல் கிருமிகளுக்கான மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்காவும் அத்தானும் டாக்சியில் வந்தார்கள். பதுருன்னிசா கோப்போடு வந்து காரிடாரில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். ஆய்வில் இருக்கிற பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் யாருக்காவது சளியா, புண்ணா? பால் பாட்டில் ஏதாவது கீழே விழுந்ததா? பிள்ளையின் உடம்பில் எண்ணெய், விபூதி, பவுடர், எதையாவது தடவினீர்களா? அக்கா இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். அத்தான் தலையாட்டினார். பதுருன்னிசா கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கதானே தினமும் கூட இருக்கீங்க? ஏதாச்சும்?"

நானும் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பள்ளியில் வாய்மொழித் தேர்வன்று இப்படித்தான். படம் முன்னால் இருக்கும், சொல்ல வேண்டியதெல்லாம் தெரியும், பத்து நிமிஷம் ஒரு வார்த்தை வராது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனபிறகுதான் பள்ளிக்கே போகாமல் இருந்துவிட்டேன். அதில் தோற்றது நான் மட்டும்.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மின்தூக்கிக்குக் காத்திருக்க முடியாமல் படியில் இறங்கினேன். அம்மாவிடம் சொன்னால் அம்மா வந்து சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். தேக்காவரை ஓட்டமும் நடையும்தான். கீழே ஈரத்தரையில் மீன்காரர்கள் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடி ஏறினேன். அம்மா யாருக்கோ ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் போகும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். அம்மாவிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

அம்மா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, தீர்த்தத்தில் எப்படிக் கிருமி வரும் என்றாள். வருஷா வருஷம் நாம் குடித்ததுதானே என்றாள். பிறகு குரல் இறங்கியது. இது வெளியே வந்தால் அக்கா வாழ்க்கை என்ன ஆகும், அத்தானின் அம்மா சும்மா விடுவாளா, தான்தான் தூண்டிவிட்டதாகத்தானே சொல்வார்கள் என்றாள். மருந்து ஏற்றுகிறார்கள் அல்லவா, சரியாகிவிடும் என்றாள்.

"நீ எப்பவும் வாயத் தொறக்காதவதானே ஜெனி. இன்னைக்கு மட்டும் உனக்கு என்ன வந்துச்சு?"

கண்ணில் நீர் நின்றது அவளுக்கு. நான் படி இறங்கிவிட்டேன்.

அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மருத்துவமனைப் பக்கம் நடந்தேன், சிக்னலில் நின்றேன், திரும்பினேன். வாயால் சொல்ல முடியாது, ஆனால் வீட்டுப் பீடத்தில் இருக்கிற அந்த பாட்டிலைக் கையில் கொடுத்தால் போதும், அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று தோன்றியது. ரயிலேறினேன். உட்காரவில்லை. கதவருகே நின்று ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்க்குள் படித்தேன். பிஷானில் கதவு மூடாமல் இரண்டு தடவை திறந்து திறந்து மூடியது. ஈஷூனில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் ஏறி இறங்க நேரம் எடுத்தது. உட்லண்ட்ஸில் இறங்கி ஓடினேன்.

வீட்டில் யாரும் இல்லை. சுருபத்துக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு மாதமாக அந்த பாட்டிலை யாரும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் நிற்கிற மட்டத்தில், உள்சுவரில், விரல் அகலத்துக்கு ஒரு வளையம். மங்கிய பச்சை. திறந்து விரலை விட்டுத் தடவினேன். வழுவழுவென்றிருந்தது. அதில்தான் அம்மா எப்போதும் விரலை விட்டு எடுப்பாள். நாங்கள் எல்லோரும்தான்.

பாட்டிலைப் பால் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி ரயிலேறினேன். அக்கா மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். எடுக்கப் பயம். எடுக்காமலிருக்கவும் பயம். நான்காவது தடவை எடுத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். மூச்சுக்குழாய் வைத்துவிட்டார்கள் என்று சொன்னாள். வருகிறேன் என்றேன்.

காரிடாரில் அவர்கள் இரண்டு பேரும் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். பதுருன்னிசா கண்ணாடிக் கதவுக்கு வெளியே டாக்டர் லிம்மோடு பேசிக்கொண்டு நின்றார். இளம் வயது டாக்டர், அன்று காலையிலிருந்து உட்காரவே இல்லை. நான் நேராகப் போய் பாட்டிலை நீட்டினேன். பதுருன்னிசா அதை வாங்கிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்?

"இது என்ன தங்கச்சி, குடிக்கவா?"

பின்னால் அத்தான் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. அவர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. அவர் வந்து பக்கத்தில் நின்றபிறகுதான் வந்தது.

"பிள்ளை நெத்தியில ஊத்துனேன். முந்தாநாள். ஞானஸ்நானம். மூணாவது சொட்டு குழாய்ப் பக்கம் போயிடுச்சு. உள்ள பாசி இருக்கு."

பதுருன்னிசா அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எந்தக் கையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டார். திட்டவில்லை. தேங்கிய தண்ணீரில் வளர்கிற கிருமி வேறு இனம், காலையில் ஆரம்பித்த மருந்து அதற்குச் சரியாக வேலை செய்யாது, இப்போதே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். பாட்டிலை ஒரு பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மாதா படம் பைக்குள்ளிருந்து தெரிந்தது.

பதுருன்னிசா போகவில்லை. என் பக்கத்தில் நின்று, மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன்மா என்கிட்ட கேக்கல? நாங்களே சுத்தமான தண்ணி தருவோமே. இந்த வருஷம் மட்டும் ஆறு பிள்ளைக்கு இங்க ஊத்தியிருக்காங்க. பாதர் வருவாரு, சீல் பிரிக்காத தண்ணி நாங்க எடுத்துக் கொடுப்போம்."

எனக்குக் கேட்கலாம் என்றே தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அக்கா முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அத்தான் சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்தார். அந்தக் கயிறு. பதினோரு நாளாக அதைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"எங்கம்மா கட்டினது, ஜெனி. நான் கழட்டிட்டுத்தானே உள்ள போனேன்."

 நான் உள்ளே வரக் கூடாது என்று என்னிடம் சொல்லும்படி அக்காவிடம் சொன்னார். நான் அங்கேயே நின்றேன், என்னிடம் நேராகச் சொல்லவில்லை.

மறுநாள் ரத்தத்தில் கிருமி தெரிந்தது. தண்ணீரில் வளர்கிற இனம்தான். பாட்டிலிலும் அதே இனம் இருந்தது, ஆனால் அதிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கை கழுவும் தொட்டியிலும்கூட இருக்கக்கூடிய கிருமிதான் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னாராம். அக்கா அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. பதுருன்னிசா இன்னொன்றும் சொன்னார். முடிவு வரும்வரை காத்திருந்தால் சரியான மருந்து ஏறுவதற்கு இன்னும் இருபது மணி நேரம் ஆகியிருக்கும், இந்த எடைக்கு அது பெரிய நேரம். நான் மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டேன். உட்லண்ட்ஸ் போய்வந்த இரண்டே கால் மணி நேரம்.

ஆய்விலிருந்து அவனை எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பதுதான் ஆய்வு என்றார் பதுருன்னிசா. அந்த ஆய்வு மருந்து பிடிக்கிற கிருமி இது இல்லை. அதனால் அவனுக்கு ஏற்றியது மருந்தா உப்புத் தண்ணீரா என்பதற்கு இதிலிருந்து பதில் கிடைக்காது. படிவத்தில் என் மூன்று துளியும் ஏறின. தேதி, நேரம், இடம்.

நான் பால் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. பையைக் கண்ணாடிக் கதவில் தாதியிடம் கொடுத்துவிட்டுக் காரிடாரில் உட்காருவேன். உட்கார முடியாமல் எழுந்து நடப்பேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பத்தெட்டு அடி. உள்ளே மணி அடித்தால் நின்றுவிடுவேன். அது எந்தப் பிள்ளையின் மணி என்று வெளியிலிருந்து தெரியாது. அம்மா வீட்டுப் பீடத்தைத் துடைத்துவிட்டு, புதிதாகக் கொதிக்கவைத்துக் கழுவிய ஒரு கண்ணாடிக் குப்பியை அங்கே வைத்தாள். அதில் இன்னும் எதையும் ஊற்றவில்லை. 

மூச்சுக்குழாய் வைத்த ஆறாம் நாள் அதை எடுத்தார்கள். ஏழாம் நாள் அத்தான் சீருடையோடு ஷிப்ட் முடிந்து வந்தார். உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். நான் நடப்பதை நிறுத்தினேன். எடை ஆயிரத்து முப்பது என்று எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறப்புப் பதிவுக்கு நாள் ஆகிறது, பெயர் கேட்கிறார்கள் என்றார்.

"நீ என்ன பேர் சொல்லி ஊத்துன?"

"ஜோனத்தன்."

அத்தான் தொப்பியை முழங்காலில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அது வேணாம்" என்றார்.

"சரி அத்தான்."

"லொரைனும் நானும் வேற பாத்து வச்சிருக்கோம்."

"சரி."

உள்ளே மணி அடித்தது. இருவரும் கதவைப் பார்த்தோம். நின்றுவிட்டது. அத்தான் எழுந்து என் மணிக்கட்டைப் பார்த்தார், பாவாடைப் பையைப் பார்த்தார். நான் பையை வெளிப்புறம் திருப்பிக் காட்டினேன். காலியாக இருந்தது.

"போய்ப் பாரு. கண்ணத் தொறந்து வச்சிருக்கான்" என்றார். "ரெண்டு தடவ கழுவு."

நான் மூன்று தடவை கழுவினேன்.